யாயேசு எஃப்டி-818 வாங்கலாமா? மலையில் தூக்கிப்போய் ஓட்டிப் பார்த்தவன் சொல்வது

நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஃப்டி-818 (லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம்களுக்கான, பேசவும் கேட்கவும் செய்யும் பெட்டி) நல்ல ரேடியோ. அதோடு வரும் பேட்டரி சுமார். மெனு எரிச்சல். ஹெச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸ் வரை), விஹெச்எஃப் (30 முதல் 300 வரை), யூஹெச்எஃப் (அதற்கு மேல்) மூன்றும் ஒரே பெட்டியில் வேண்டும், அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு எங்கேயாவது போக வேண்டும் என்று நினைப்பவர்கள் செகண்ட் ஹேண்டில் நல்லதாகக் கிடைத்தால் வாங்கலாம். மோர்ஸ் கோடு மட்டும் அடிப்பவர், கம்ப்யூட்டர் வழியாகக் குட்டிச் செய்தி அனுப்பும் எஃப்டி8 மட்டும் ஓட்டுபவர் இதற்கு இவ்வளவு காசு கொடுக்கத் தேவையே இல்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஹாம் ரேடியோ பழக்கம் இல்லாமல் வந்துவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. குறைந்த பவரில், வழக்கமாக 5 வாட்டில், ஒலிபரப்பிப் பேசுவதை கியூஆர்பி என்போம். வீட்டில் மேசை மேல் வைக்கும் சாதாரண ஹாம் ரேடியோ 100 வாட். இரண்டுக்கும் உள்ள இடைவெளி டெசிபல் கணக்கில் 13. ரேடியோவில் சிக்னல் அளக்கும் எஸ் மீட்டரில் ஒரு எஸ்ஸுக்கு 6 டெசிபல் என்பதால், 100 வாட்டில் எஸ்9 காட்டும் நிலையம் 5 வாட்டுக்கு இறங்கினால் எஸ்7-ஐ ஒட்டித்தான் வரும். எஸ்7 என்பது சுகமாகக் கேட்கக்கூடிய சிக்னல். அதனால் "அஞ்சு வாட்டில் என்ன சார் ஆகும்?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். எதிர்முனையில் இரைச்சல் எஸ்8-இல் இருந்தால் நீங்கள் காணாமல் போவீர்கள், அதுவும் உண்மை.

இந்தப் பெட்டியின் கதை பழையது. எஃப்டி-817 என்ற பெயரில் 2000-ஐ ஒட்டி வந்தது, அப்புறம் 817என்டி, 2018-இல் 818. 2022 கடைசியில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். 817-க்கும் 818-க்கும் வித்தியாசம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பவர் 5 வாட்டிலிருந்து 6 வாட், பேட்டரி கொஞ்சம் பெரிது, அலைவரிசை நகராமல் பிடித்துக்கொள்ளும் டிசிஎக்ஸ்ஓ உள்ளேயே வருகிறது. அந்த 1 வாட் கூடுதலை யாரும் காதால் கண்டுபிடிக்க முடியாது. டிசிஎக்ஸ்ஓ மட்டும் நிஜமாகவே உபயோகம், அதுவும் 430 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்பி என்னும் குரல் முறையில் பேசுபவர்களுக்கு. 817என்டி நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

அளவு 135 மில்லிமீட்டர் அகலம், 165 ஆழம், 38 உயரம். கொஞ்சம் தடித்த நாவல் மாதிரி. பேட்டரி, மைக் எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் போகும், ஆனால் கையில் எடுத்ததும் இரும்புத்தனமான அந்தக் கனம் நம்பிக்கை தருகிறது. முன்பக்கம் ஒரு பிஎன்சி, பின்பக்கம் ஒரு எஸ்ஓ-239 என்று இரண்டு ஆண்டெனா சாக்கெட். எந்த பேண்டுக்கு (அலைவரிசைப் பகுதிக்கு) எந்த சாக்கெட் என்பதை மெனுவில் 7-ஆம் எண்ணில் போய் நாம்தான் சொல்ல வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது ஹெச்எஃப் பின்னால், 50 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலே உள்ளதும் முன்னால் என்று இருக்கும். பழையது வாங்கினால் முந்தைய சொந்தக்காரர் எப்படி வைத்திருந்தாரோ தெரியாது. ஆண்டெனாவே இல்லாத சாக்கெட்டுக்குள் பவரைத் தள்ளுவதற்கு முன் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பேட்டரி. உள்ளே வைக்கும் நிக்கல் மெட்டல் பேக் 9.6 வோல்ட், 1900 மில்லிஆம்பியர் மணி. ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 400 மில்லிஆம்பியருக்கு மேல் குடிக்கும். பேசும்போது 2 ஆம்பியர் வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், காலையில் டீ குடித்துவிட்டு ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆள் அவுட். பேட்டரியில் ஓடும்போது பவர் தானாகவே 2.5 வாட்டுக்கு இறங்கிக்கொள்ளும், நாம் வேண்டுமென்று ஏற்றினால்தான் ஏறும். சார்ஜ் ஏற்றுவது தனிக் கூத்து. ரேடியோவை வெளி மின்சாரத்தில் மாட்டி, மெனுவுக்குள் போய் 6, 8, 10 மணி நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்கார வேண்டும். பேக் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து நிறுத்தும் புத்தி அதற்கு இல்லை, கடிகாரம் பார்த்துத்தான் நிறுத்தும்.

நான் அந்தப் பேக்கைக் கழற்றி வைத்துவிட்டேன். நாலு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 12.8 வோல்ட் 6 ஆம்பியர் மணி ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபியூஸ். ரேடியோ 8 முதல் 16 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும், அந்த விஷயத்தில் தாராள மனசு. இந்த பேட்டரியில் ஒரு முழுநாள் மலையில் உட்காரலாம், சாயங்காலம் இறங்கும்போதும் மிச்சம் இருக்கும். தொல்லை எங்கே என்றால் பின்னால் இருக்கும் அந்த டிசி சாக்கெட்டில். மெலிசான பின், பிடிப்பே கிடையாது, ஒயரை லேசாக இழுத்தால் கழன்று வந்துவிடும், பேசிக்கொண்டிருக்கும்போது பெட்டி அப்படியே செத்துப்போகும். இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பெட்டியைத் தயாரித்திருக்கிறார்கள், உலகம் முழுக்க இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள், கடைசி வரை மாற்றவில்லை. பின்னை ஒயரோடு சேர்த்து ஒரு டேக்கால் பெட்டியின் பின்பக்கத்திலேயே கட்டிவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் கழலவில்லை.

மெனுவைப் பற்றிக் கொஞ்சம் திட்டியே ஆக வேண்டும். திரைக்குக் கீழே ஏ, பி, சி என்று மூன்றே பொத்தான். எஃப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டி செலக்ட் குமிழைத் திருப்பினால் அந்த மூன்றின் வேலையும் வரிசை வரிசையாக மாறும். எஃப்பை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் மெயின் மெனு, அதில் ஐம்பதுக்கு மேல் ஐட்டம், எல்லாம் சுருக்கெழுத்தில், எண் வரிசையில். மோர்ஸ் வேகம் எங்கே, மைக் கெயின் (மைக்கின் உணர்திறன்) எங்கே என்று மலையுச்சியில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவது கொடுமை. ஒரு அட்டையில் தேவையான எண்களை மட்டும் எழுதி லேமினேட் செய்து பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாலைந்து எண்தான், மீதியை ஒருமுறை செட் பண்ணினால் அப்புறம் தொட வேண்டியதில்லை. ஒரு நல்ல விஷயம், திரை வெயிலில் நன்றாகவே தெரிகிறது. புதிய வண்ணத் திரை ரேடியோக்கள் பல இந்த இடத்தில் திணறும்.

இப்போது ஆண்டெனா. காசு விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ண வேண்டும் என்றால் ரேடியோவில் பண்ணுங்கள், இங்கே பண்ணாதீர்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் உண்மையில் ஆண்டெனாவுக்குக் காசே ஆகாது, பொறுமைதான் ஆகும். பெட்டியோடு வரும் ரப்பர் குச்சி 50, 144, 430-க்கு மட்டும்தான். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை என்றால் சுமார் 20 மீட்டர் ஒயர் வேண்டும். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண பிவிசி ஒயரே போதும், ஆனால் மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதால் கணக்கில் வரும் நீளத்தை விட இரண்டு மூன்று சதவீதம் குறைத்தால்தான் டியூன் ஆகும். முதலில் நீளமாக வெட்டி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மடித்துக்கொண்டு வாருங்கள். வெட்டினால் திரும்பி ஒட்ட முடியாது, மடித்தால் பிரித்துக்கொள்ளலாம்.

நடுவில் கேபிள் மாட்டும் டைபோல் ஆண்டெனாவுக்கு மூன்று இடத்தில் கட்ட வேண்டும். அதனால் நான் போவது ஒரு முனையில் கேபிள் மாட்டும் எண்ட்-ஃபெட் கம்பியோடு. அந்த முனையின் இம்பீடன்ஸை (ஏசி மின்தடையை) கேபிளோடு பொருத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர்: ஒரு ஃபெர்ரைட் வளையத்தில் பிரைமரி 2 சுற்று, செகண்டரி 14 சுற்று, அதாவது ஒன்றுக்கு ஏழு, இம்பீடன்ஸில் 49-க்கு 1. பிரைமரிக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சோப்பு டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். 20 மீட்டர் ஒயரை ஒரு மரக்கிளைக்கு மேல் கயிறு போட்டு இழுத்தால் 7, 14, 21, 28 நாலு பேண்டிலும் டியூனர் (ஆண்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) இல்லாமலே ஓடும். 818-க்குள் டியூனர் கிடையாது என்பதால் இது முக்கியம். தனி டியூனர் வாங்கினால் அதற்கும் பேட்டரி, அதற்கும் கேபிள், அப்புறம் பை கனத்துவிடும்.

கேபிளில் ஒரு எச்சரிக்கை. மெலிசாகச் சுருட்டலாம் என்று ஆர்ஜி-174 பத்து மீட்டர் எடுத்துப்போனால் 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் சொச்சம் போகும், பரவாயில்லை. அதே கேபிளை 144-இல் மாட்டினால் பாதிக்கு மேல் பவர் கேபிளிலேயே காய்ந்துபோகும். இருக்கிறதே 5 வாட், அதில் கேபிளுக்குத் தானம் பண்ண நம்மிடம் என்ன இருக்கிறது?

ஏற்காட்டில் இதைக் கட்டி உட்கார்ந்தால் கட்டாயம் யாராவது வந்து நிற்பார்கள். டீக்கடை அண்ணன் ஒருவர் கிளாஸோடு வந்து கொஞ்ச நேரம் கம்பியையே அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் சார், டவர் கிடைக்காத இடத்துல பேசுற போனா இது?"

"போன் இல்லண்ணே, ரேடியோ."

"யாரு கூடப் பேசறீங்க?"

"யாரு பதில் சொல்றாங்களோ அவங்க கூட."

அவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நம்பர் இல்லாமல் எப்படிப் பேசுவது என்பது அவர் கேள்வி. சரியாக அந்த நேரத்தில் பெங்களூர் பக்கத்து நிலையம் ஒன்று என் கால்சைனை (லைசென்ஸோடு வரும் அடையாளப் பெயரை) திருப்பிச் சொல்லி 5-7 ரிப்போர்ட் (தெளிவு 5, பலம் 7) கொடுத்தது, அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இதனால்தான் லைசென்ஸ் நகல் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரர் ஆர்வத்தில் கேட்பார், காக்கிச் சட்டை வேறு மாதிரி கேட்கும்.

7 மெகாஹெர்ட்ஸ் காலையில் தென்னிந்தியா முழுக்கப் பேச ஏற்றது. கம்பி ரொம்ப உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை, தாழ்வாக இருந்தால் சிக்னல் நேரே மேலே போய்ப் பக்கத்து ஊர்களில் விழும், நமக்கு அதுவே நல்லது. கோடை மாலைகளில் இடி மின்னல் இரைச்சலில் இந்த பேண்ட் நாறிப்போகும், அப்போது 5 வாட்டோடு போய் நிற்காதீர்கள். சாயங்காலம் 14-க்குத் தாவினால் வளைகுடா, ஐரோப்பா திறக்கும். குரலில் கூப்பிட்டால் பத்துப் பேர் கூட்டத்தில் நம் சத்தம் அமுங்கிவிடும், மோர்ஸில் 14.060 பக்கம் போய் நிதானமாக சிக்யூ (யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற பொது அழைப்பு) அடித்தால் ஆள் வருவார்கள். அந்த அலைவரிசை உலகம் முழுக்க கியூஆர்பி ஆட்கள் கூடும் இடம், அங்கே மெலிந்த சிக்னலைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் இருப்பார்கள்.

குரலில் அமுங்குவதற்குப் பெட்டியும் ஒரு காரணம். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஸ்பீச் பிராசசர் இதில் கிடையாது. அதனால் சராசரிப் பவர் குறைவாகவே போகும். மைக் கெயினை மெனுவில் கொஞ்சம் ஏற்றி, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, நெஞ்சிலிருந்து பேச வேண்டும். மோர்ஸ்காரர்களுக்கு வேறு குறை. உள்ளே இருக்கும் ஃபில்டர் எஸ்எஸ்பி அகலத்துக்கானது, மோர்ஸுக்கு ரொம்ப அகலம், ஒரே நேரத்தில் மூன்று பேர் அடிப்பது காதில் விழும். 500 ஹெர்ட்ஸ் காலின்ஸ் மெக்கானிக்கல் ஃபில்டர் தனியாக விற்றார்கள், இப்போது கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த ஃபில்டர் போட்ட பெட்டி விற்பனைக்கு வந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது எடுங்கள்.

எனக்கு இந்தப் பெட்டி மேல் இருக்கும் பிரியம் எல்லாம் மேலே இருக்கும் பேண்டுகளால் வந்தது. சாட்டிலைட். ஐஎஸ்எஸ் என்னும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு ஹாம் ரிப்பீட்டர் (கேட்டதை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் பெட்டி) இருக்கிறது, மேலே அனுப்ப 145.990, கூடவே அதைத் திறக்க 67 ஹெர்ட்ஸ் டோன், கீழே கேட்க 437.800. ஸ்பிளிட்டில் (அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று) போட்டுக் கையில் ஒரே திசையை நோக்கும் ஒரு சின்ன யாகி ஆண்டெனாவைப் பிடித்து நிலையத்தைத் தொடர்ந்து திருப்பினால் 5 வாட் தாராளம். நம் தலைக்கு மேல் கடந்து போகும்போது, அது நெருங்கி விலகுவதால் வரும் டாப்ளர் மாற்றம் காரணமாக 437.800 என்பது முதலில் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கும், போகப் போக 10 கீழே இறங்கும். அதனால் ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து மெமரி போட்டு வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவேன். ஒரு கையில் ஆண்டெனா, ஒரு கையில் மைக், குமிழைத் திருப்ப மூன்றாவது கை யாரிடமாவது கடன் வாங்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விட வசதியான சாட்டிலைட் ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் லபான்-ஏ2, ஹாம்கள் ஐஓ-86 என்று சொல்வது. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட்டோடு பிஎஸ்எல்வி-சி30-இல் போனது. பூமத்திய ரேகையை ஒட்டி 6 டிகிரி சாய்வில் சுற்றுவதால் ஐரோப்பியர்களுக்கு எட்டவே எட்டாது, தமிழ்நாட்டிலிருந்து தெற்கே பார்த்தால் ஒரு நாளில் பல தடவை கடந்து போகும். குரல் ரிப்பீட்டரை எப்போதும் திறந்து வைப்பதில்லை, அட்டவணை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் 818-இன் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். பேசும்போதே கேட்க முடியாது. சாட்டிலைட்டில் நம் குரல் திரும்பி வருகிறதா என்று தெரியாமல் குத்துமதிப்பாகப் பேச வேண்டியதுதான். இந்தியாவின் ஹாம் சாட்டிலைட்டான ஹாம்சாட் 2005 முதல் 2014 வரை மேலே இருந்த காலத்தில் இதற்காகவே இரண்டு 817-ஐ அருகருகே வைத்து ஓட்டியவர்கள் உண்டு, ஒன்று பேச, ஒன்று கேட்க.

எஃப்டி8 பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடும். ஆனால் யூஎஸ்பி சாக்கெட் இல்லை, சவுண்ட் கார்டு இல்லை. பின்னால் டேட்டா சாக்கெட்டுக்கு ஒரு கேபிள், கட்டுப்பாட்டுக்கு ஏசிசி சாக்கெட்டுக்கு ஒன்று, நடுவில் சவுண்ட் கார்டு வேலை பார்க்க டிஜிரிக் மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அப்புறம் லேப்டாப். மேசை மேல் சிலந்தி வலை. எஃப்டி8-இல் 15 நொடிக்கு ஒரு முறை மாற்றி மாற்றி ஏறக்குறைய 13 நொடி முழுப் பவர் போகும், இதில் விசிறி கிடையாது, மே மாத வெயிலில் பெட்டியின் மேல் கை வைக்க முடியாது. 2.5 வாட்டில் ஓட்டுங்கள், எஃப்டி8-க்கு அதுவே அதிகம்.

போட்டியாளர்கள் என்று பார்த்தால் ஐகாமின் ஐசி-705. வெளி மின்சாரத்தில் 10 வாட், தொடுதிரை, வாட்டர்ஃபால் (சிக்னல்களைப் படமாக ஓடவிடுவது), உள்ளேயே சவுண்ட் கார்டு, ஜிபிஎஸ், புளூடூத், என்னென்னவோ இருக்கிறது. காசு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள், நான் பொறாமைப்படுவேன். ஆனால் அந்தக் கண்ணாடித் திரையைப் பாறை மேல் வைக்க எனக்கு மனசு வராது, 818-ஐப் பொத்தென்று வைப்பேன். இன்னொரு முனையில் கியூஆர்பி லேப்ஸின் கியூஎம்எக்ஸ். கிட் ஆக வாங்கினால் நூறு டாலர் சுற்று வட்டாரம், உள்ளங்கை அளவு, அலைநீளக் கணக்கில் 80 முதல் 20 மீட்டர் வரை ஐந்து பேண்ட், யூஎஸ்பி-சி கேபிள் ஒன்றே சவுண்ட் கார்டுக்கும் கட்டுப்பாட்டுக்கும் போதும், கேட்கும்போது குடிக்கும் மின்சாரம் 818-இல் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. வளையங்களில் கம்பி சுற்றி சால்டர் வைக்கக் கை பழகியிருக்க வேண்டும், ஆண்டெனா பொருந்தாமல் எஸ்டபிள்யூஆர் (பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) அதிகமானால் பவர் டிரான்சிஸ்டர்கள் பொசுக்கென்று போகும், அது தெரிந்து வாங்குங்கள். மோர்ஸும் எஃப்டி8-ம் போதும் என்பவர்களுக்கு 818 தேவையில்லை என்று ஆரம்பத்தில் சொன்னது இதை வைத்துத்தான். ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோ வரிசையும் நம் நாட்டுச் சரக்கு, திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ள அதைப் போல் வேறு இல்லை, ஆனால் விஹெச்எஃப் கிடையாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. ஆரம்பகால 817-களில் பவர் டிரான்சிஸ்டர் போவது ஊரறிந்த வியாதி, அதனால் விற்பவர் முன்னாலேயே டம்மி லோடும் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) வாட் மீட்டரும் வைத்து எல்லா பேண்டிலும் பவர் வருகிறதா என்று பாருங்கள், 7-இல் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். எனக்கு விற்றவர் "எல்லாம் ஒர்க்கிங் கண்டிஷன்" என்றார், பெட்டி என்னவோ ஒர்க்கிங்தான், உள்ளே இருந்த பேட்டரி பேக் மட்டும் உப்பிப்போய் வெளியே எடுக்கவே வராத நிலையில் இருந்தது. அடிப்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பின்பக்க டிசி பின் ஆடுகிறதா, முன்பக்க பிஎன்சி தளர்ந்திருக்கிறதா, செலக்ட் குமிழ் ஒரு கிளிக்குக்கு ஒரு படிதான் நகர்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையில் ஹாம் லைசென்ஸ் இருக்க வேண்டும், விற்பவர் அதைக் கேட்கவில்லை என்றால் நீங்கள் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் மத்திய அரசின் ரேடியோ லைசென்ஸ் பிரிவான டபிள்யூபிசி-யின் அனுமதி விவகாரத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெட்டி கஸ்டம்ஸில் தூங்கும்.